‘லாம்’ விகுதியில் நிற்கும் சபை

இந்திய அரசமைப்பில் வாக்காளர் தம் சார்பில் வேறொருவரை அனுப்பாமல் தாமே போய் உட்காரும் அவை ஒன்றுதான் உண்டு. அது கிராம சபை. ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லோரும் அதன் உறுப்பினர்கள். வேட்பு மனு கிடையாது, டெபாசிட் கிடையாது, பதவிக்காலமும் கிடையாது. சட்டமன்றம் கலையும், ஊராட்சி மன்றமும் கலையும். வாக்காளர் பட்டியல் இருக்கும்வரை கிராம சபை இருக்கும்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழ்நாட்டில் 7.21 கோடிப் பேர். சட்டமன்ற உறுப்பினர்கள் 234 பேர் என்றால் ஒருவருக்கு ஏறத்தாழ 3 லட்சம் மக்கள். நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவருக்குப் பதினெட்டரை லட்சம். ஐந்தாண்டுக்கு ஒருமுறை விரலில் மை வைத்துக்கொண்ட பிறகு இவர்களில் யாரையும் திருப்பி அழைக்க வாக்காளருக்கு உரிமை இல்லை. கிராம ஊராட்சியின் சராசரி மக்கள்தொகையோ 3,000தான். குழந்தைகளைக் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில் அடங்கிவிடுவார்கள். இவ்வளவு சிறிய ஊருக்குப் பிரதிநிதி எதற்கு, மக்களே கூடிப் பேசித் தீர்மானிக்கலாமே என்ற கேள்வி இந்த எண்ணிக்கையிலிருந்துதான் பிறக்கிறது. கேள்வி பழையது. விடையாகக் கிடைத்தது ஒரு சபை. அதன் கையில் என்ன கொடுக்கப்பட்டது என்பதே அதன் வரலாறு.

அந்த வரலாற்றை எழுதுகிறவர்கள் உத்திரமேரூரில் தொடங்குவது வழக்கம். தொடங்குவதில் தவறில்லை, கல்லில் உள்ளதை உள்ளபடி படித்தால் சரி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919இலும் 921இலும் பொறிக்கப்பட்டவை, அவ்வூர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் எடுத்த முறையைச் சொல்கின்றன. ஊர் முப்பது குடும்புகளாகப் பிரிந்திருந்தது. ஒவ்வொரு குடும்பிலும் தகுதி உள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டார்கள். கோயில் நம்பிமாரில் மூத்தவர் குடத்தை எல்லோரும் பார்க்கத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத சிறுவன் ஒருவன் ஓலையை எடுத்துக் கொடுத்தான். அதை வாங்கிக்கொள்ளும் மத்தியஸ்தன் ஐந்து விரலும் விரிய உள்ளங்கையை நீட்டித்தான் வாங்க வேண்டும். விரலிடுக்கில் வேறு ஓலை ஒளிந்திருக்கக் கூடாது என்பதற்காக, உள்ளங்கையின் நிலையைக்கூடக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். கள்ளத்தனம் எந்த இடத்தில் நுழையும் என்று தெரிந்தவர்கள் எழுதிய சட்டம் இது.

மேடைகளில் சொல்வதுபோல் இது தேர்தல் அல்ல. யாரும் யாருக்கும் ஓட்டுப் போடவில்லை. திருவுளச்சீட்டு, அவ்வளவுதான். பழைய ஏதென்ஸ் நகரமும் தன் ஐந்நூற்றுவர் அவைக்குச் சீட்டுக் குலுக்கித்தான் ஆள் எடுத்தது. செல்வாக்கு உள்ளவனே திரும்பத் திரும்ப வராமல் தடுக்கச் சீட்டு நல்ல வழி. உத்திரமேரூர்ச் சபையார் அதோடு விடவில்லை. முந்தைய மூன்றாண்டுக்குள் வாரியம் செய்தவர் மறுபடி குடத்துக்குள் போக முடியாது. வாரியம் செய்து கணக்குக் காட்டாதவர் என்றைக்கும் போக முடியாது. அவரோடு நிற்கவும் இல்லை: அவருடைய தகப்பன், மகன், உடன்பிறந்தான், மாமன், மாமனார், மைத்துனன், மருமகன், சிற்றன்னை பேரன்னை மக்கள் என்று நீண்ட உறவுப் பட்டியலே விலக்கப்பட்டது. இன்றைய உள்ளாட்சிச் சட்டம் எதிலும் இந்தக் கடுமை இல்லை.

ஆனால் குடத்துக்குள் யார் பெயர் போயிற்று என்பதையும் அதே கல் சொல்கிறது. இறை செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும், சொந்த மனையில் வீடு வேண்டும், 35 வயதுக்கு மேலும் 70க்குக் கீழும் இருக்க வேண்டும், வேதம் அறிந்திருக்க வேண்டும். உத்திரமேரூர் ஒரு பிரமதேயம், பிராமணர்களுக்குக் கொடையாக விடப்பட்ட ஊர். அந்தச் சபை நிலமுள்ள பிராமண ஆண்களின் சபை. அந்த நிலத்தில் ஏர் பிடித்தவர்களின் பெயரோ, அந்த ஊர்ப் பெண்களின் பெயரோ எந்த ஓலையிலும் இல்லை. இன்னொரு விஷயமும் உண்டு: இந்த ஏற்பாட்டைச் சபை செய்தபோது அரசன் ஆணையோடு வந்த அதிகாரி ஒருவர் கூட இருந்தார். இன்றைய கிராம சபையில் ஓரமாக நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் ‘பற்றாளர்’ என்ற அரசு அலுவலரின் மரபு அவ்வளவு பழையது.

கம்பெனி ஆட்சிக் காலத்தில் ஊர்ச் சபை ஒரு கருத்தாக வளர்ந்து காரியமாகத் தேய்ந்தது. இந்தியக் கிராமங்கள் தம் தேவையைத் தாமே பார்த்துக்கொள்ளும் சிறு குடியரசுகள் என்று சார்ல்ஸ் மெட்காஃப் 1830இல் எழுதினார். அவர் அப்படி எழுதியபோது சென்னை மாகாணத்தில் ரயத்துவாரி வந்து பத்தாண்டு ஆகியிருந்தது. அரசு ஒவ்வொரு பட்டாதாரரோடும் தனித்தனியாக வரிக்கணக்கு வைத்துக்கொண்டது. மணியக்காரரும் கர்ணமும் ஊருக்குப் பதில் சொல்வதை விட்டுத் தாலுகா கச்சேரிக்குப் பதில் சொன்னார்கள். ஊரே கூடி ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து நின்றுபோகத் தொடங்கியது. அதைக் காப்பாற்ற 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் ஒன்று கொண்டுவந்தார்கள். தானாக நடந்துகொண்டிருந்ததைச் சட்டம் போட்டு வாங்க வேண்டிய நிலை வந்தது என்பதே அந்தச் சட்டம் தரும் செய்தி. 1882இல் ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானம் வெளியிட்டார். 1884இல் சென்னை உள்ளாட்சி வாரியச் சட்டம் வந்தது. 1920இல் கிராமப் பஞ்சாயத்துச் சட்டம். இவை எல்லாம் வாரியங்கள், மன்றங்கள். ஊரார் மொத்தமாகக் கூடும் சபை இவற்றில் முதன்மை பெறவில்லை.

விடுதலைக்குப் பின் அரசமைப்பின் வரைவு வெளியானபோது அதில் பஞ்சாயத்து என்ற சொல்லே இல்லை. காந்தியின் கிராம சுயராஜ்யம் எங்கே போயிற்று என்று அரசமைப்பு அவையில் கேள்வி எழுந்தது. 1948 நவம்பர் 4ஆம் தேதி வரைவை முன்வைத்துப் பேசிய அம்பேத்கர் பூசி மெழுகாமல் பதில் சொன்னார்: கிராமம் என்பது குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புவாதமும் தங்கிய இடம், வரைவு தனிமனிதனை அலகாகக் கொண்டதே சரி. மெட்காஃபின் சிறு குடியரசைப் புகழ்ந்தவர்களுக்கு அந்தக் குடியரசின் சேரியிலிருந்து வந்த விடை அது. இரண்டரை வாரம் கழித்து, நவம்பர் 22 அன்று, தஞ்சாவூர்க்காரரான கே. சந்தானம் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். கிராமப் பஞ்சாயத்துகளை அமைத்து, தன்னாட்சி அலகுகளாக இயங்கத் தேவையான அதிகாரங்களை அவற்றுக்கு அளிக்க அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்பது அதன் பொருள். அம்பேத்கர் வாதாடாமல் ஏற்றுக்கொண்டார். அது இன்றைய 40ஆவது உறுப்பு. ஏற்பதில் பெரிய விலை எதுவும் இல்லை. வைக்கப்பட்ட இடம் வழிகாட்டு நெறிகளின் பகுதி. அங்கே இருப்பது எதையும் நீதிமன்றத்துக்குப் போய் நிறைவேற்றிக்கொள்ள முடியாது.

அடுத்த நாற்பது ஆண்டுகளில் பஞ்சாயத்து வளர்ந்ததெல்லாம் மேல்நோக்கித்தான். 1957இல் பல்வந்த்ராய் மேத்தா குழு மூன்றடுக்கு அமைப்பைப் பரிந்துரைத்தது. 1959 அக்டோபர் 2 அன்று ராஜஸ்தானின் நாகௌரில் நேரு அதைத் தொடங்கிவைத்தார். குழுவின் கண் வட்டார அளவிலான சமிதியின் மேல் இருந்தது. கிராம சபையைப் பற்றித் தனியாக யோசிக்க 1963இல் திவாகர் குழு வர வேண்டியிருந்தது. சென்னை மாநிலம் காமராஜர் ஆட்சியில் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஊராட்சி ஒன்றியங்களை அமைத்தது. பள்ளிக்கூடம், சாலை, குடிநீர்க் கிணறு என்று ஒன்றியங்கள் செய்த வேலை கணிசமானது. ஒன்றியத் தலைவர் பதவிக்கும் மதிப்பு ஏறியது. அப்படி மதிப்பு ஏறிய பதவி சட்டமன்ற உறுப்பினருக்குப் போட்டியாகத் தெரியத் தொடங்கியதும் தேர்தல் தள்ளிப்போக ஆரம்பித்தது. 1970இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்கு அடுத்தது 1986இல்தான் நடந்தது. அதற்கு அடுத்தது 1996. சென்னை மாநகராட்சியின் கதை இன்னும் மோசம்: 1973இல் மன்றம் கலைக்கப்பட்டது, அடுத்த மேயர் 1996இல்தான் வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் கோப்பில் கையெழுத்துப் போட்டவர் தனி அலுவலர். மாநிலத்தின் பிரதிநிதிகள் ஊரின் பிரதிநிதிகளை நம்பவில்லை என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ராஜீவ் காந்தி அரசு 1989இல் கொண்டுவந்த 64ஆவது திருத்த மசோதா மாநிலங்களவையில் தோற்றது. நரசிம்ம ராவ் காலத்தில் 73ஆவது திருத்தம் நிறைவேறி 1993 ஏப்ரல் 24 முதல் நடைமுறைக்கு வந்தது. கிராம சபை என்ற பெயர் அரசமைப்பில் முதன்முறையாக ஏறியது இதில்தான். ஆனால் திருத்தத்தின் வினைச்சொற்களைக் கவனிக்க வேண்டும். ஊராட்சிகளுக்கு நேரடித் தேர்தல் நடத்த வேண்டும். ஐந்தாண்டு முடியுமுன் அடுத்த தேர்தல் முடிய வேண்டும். பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் இடம் ஒதுக்க வேண்டும். இவை எல்லாம் ‘வேண்டும்’. கிராம சபையைப் பற்றிய 243அ உறுப்புக்கு வரும்போது வினை மாறுகிறது: மாநிலச் சட்டமன்றம் சட்டத்தால் எவற்றைத் தருமோ அந்த அதிகாரங்களைச் சபை செலுத்தலாம். பிரதிநிதிகளுக்கு ‘வேண்டும்’, மக்களுக்கு ‘லாம்’. தமிழ் இலக்கணத்தில் இந்த விகுதி அனுமதியையும் குறிக்கும், ஐயத்தையும் குறிக்கும். இந்த இடத்தில் இரண்டும் பொருந்தும்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் 1994இல் வந்தது. அதன் மூன்றாம் பிரிவு கிராம சபையைப் பற்றியது. ஊராட்சியின் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது, தணிக்கை அறிக்கையைப் பார்ப்பது, நடக்கும் பணிகளின் முன்னேற்றத்தை ஆராய்வது ஆகியவை அதன் வேலை. இரண்டு கூட்டங்களுக்கு இடையே ஆறு மாதத்துக்கு மேல் போகக் கூடாது. அரசு ஆணைப்படி ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு நாள்களில் சபை கூடியது. 2022இல் உலகத் தண்ணீர் நாளான மார்ச் 22, உள்ளாட்சி நாளான நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. குறைவெண் வரம்பும் விதியில் உண்டு. 500 வரை மக்கள் உள்ள ஊராட்சியில் 50 பேர் வர வேண்டும், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர்.

அதே சட்டத்தில் எதிர்ப்பக்கமும் இருக்கிறது. மாவட்ட ஆட்சியரே ஊராட்சிகளின் ஆய்வாளர். ஊராட்சி நிறைவேற்றிய தீர்மானத்தை அவர் நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். தலைவரைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரமும் அவர் கையில். இங்கே ‘லாம்’ என்பதன் பொருளில் ஐயம் எதுவும் இல்லை.

கூட்டம் நடக்கும் விதத்தை எந்த ஊரிலும் பார்க்கலாம். ஆகஸ்ட் 15 அன்று காலை கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடிந்ததும், பள்ளி வளாகத்திலோ சமுதாயக் கூடத்திலோ ஷாமியானா பந்தலின் கீழ் பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகும். கோயில், பள்ளிவாசல், தேவாலயம் எதன் வளாகத்திலும் கூட்டம் போடக் கூடாது என்பது விதி. ஒரே இடத்தில் போடாமல் குக்கிராமம் குக்கிராமமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும் என்பதும் விதி. முன்வரிசையில் நூறு நாள் வேலைக்கு வரும் பெண்கள். வருகைப் பதிவேடு கைமாறி வரும். பேனா பிடிக்காதவர்களுக்கு மைப்பெட்டி. ஊராட்சி செயலர் எழுந்து கூட்டப்பொருளை வாசிக்கிறார்: டெங்கு தடுப்பு, பிளாஸ்டிக் ஒழிப்பு, மழைநீர் சேகரிப்பு, ஜல் ஜீவன் குழாய் இணைப்பு. ஊரக வளர்ச்சித் துறையிலிருந்து வந்த சுற்றறிக்கையின் வரிசை அது. தூத்துக்குடியிலும் திருவள்ளூரிலும் அன்று அதே வரிசைதான். வரவு செலவு என்ற பொருள் வரும்போது யாராவது ஒருவர் எழுந்து மேல்நிலைத் தொட்டி மோட்டாருக்கு ஒரே வருடத்தில் எத்தனை தடவை காயில் கட்டினீர்கள் என்று கேட்பார். சலசலப்பு. பற்றாளர் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். பிற பொருள்களில் எழுதிக்கொள்ளலாம் என்று தலைவர் சொல்வார். தீர்மானப் புத்தகத்தில் பக்கம் எழுதுமுன்பே கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள் என்பது ஊர் ஊராகக் கேட்கும் புகார். மோட்டார்க் கேள்வி அந்தப் பக்கத்தில் ஏறிற்றா என்பது அடுத்த கூட்டத்தில்தான் தெரியவரும். அப்போதும் புத்தகத்தைக் கேட்டு வாங்கிப் படிக்கும் ஆள் ஒருவர் வேண்டும்.

அப்படி ஓர் ஆள் இருந்தால் சபை வேறு மாதிரி நடக்கும். சபையின் பலம் இன்றுவரை கேள்வி கேட்பதில்தான் இருக்கிறது. ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் 1994இல் தொடங்கிய பொது விசாரணைகளில் பஞ்சாயத்தின் கூலிப் பட்டியலை ஊர் நடுவில் உரக்கப் படித்தார்கள். செத்தவர் பெயரிலும் கூலி எழுதியிருந்தது எல்லோர் காதிலும் விழுந்தது. தகவல் அறியும் உரிமைச் சட்டம் வேர்விட்ட இடம் அது. 2005ஆம் ஆண்டு வேலை உறுதிச் சட்டம் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் பொறுப்பாக எழுதி வைத்ததும் அந்த வழியில்தான்.

கேரளம் 1996இல் எடுத்த பாதை வேறு. மாநிலத் திட்டச் செலவில் 35 முதல் 40 விழுக்காட்டை உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கிவிட்டு, எதற்குச் செலவழிப்பது என்று ஊர்க்கூட்டம் பேசட்டும் என்றது. பணத்தை முன்னால் வைத்துவிட்டுப் பேசச் சொன்னதால் ஆள்கள் வந்தார்கள். அங்கே சபை ஊராட்சி அளவில் அல்ல, வார்டு அளவில் கூடுகிறது. பேச நினைப்பவருக்கு முறை வரும். காலப்போக்கில் பயனாளிப் பட்டியலில் பெயர் வேண்டும் என்பவர்களே பெரும்பாலும் வந்தார்கள், நடுத்தர வர்க்கம் எட்டிப் பார்க்கவில்லை என்ற குறை அங்கும் உண்டு.

தமிழ்நாட்டில் அம்பேத்கரின் எச்சரிக்கை பலித்த இடம் மதுரை மாவட்டம். 1996 தேர்தலில் மேலூர் வட்டாரத்தின் மேலவளவு ஊராட்சி பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கப்பட்டது. தலைவராக வென்ற முருகேசன் 1997 ஜூன் 30 அன்று பேருந்திலிருந்து இறக்கி வெட்டிக் கொல்லப்பட்டார். அன்று கொல்லப்பட்டவர்கள் அவரோடு சேர்த்து ஆறு பேர். அதே மாவட்டத்தின் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஆகிய மூன்றிலும், விருதுநகர் மாவட்டத்தின் கொட்டக்கச்சியேந்தலிலும் அதேபோல் ஒதுக்கப்பட்ட தலைவர் பதவி பத்தாண்டுக்கு வெறுமையாகவே கிடந்தது. தேர்தல் அறிவிப்பார்கள், மனுப் போட யாரும் வர மாட்டார்கள். மனுப் போட்டு வென்றவரும் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுப்பார். இது சட்டத்தை மீறிய கலகம் அல்ல. ஊர் கூடி எடுத்த முடிவு. பெரும்பான்மையின் ஒருமித்த குரல். நேரடி மக்களாட்சி எதையும் செய்யும் என்பதற்குச் சான்று தேடுபவர்கள் கிரேக்கம்வரை போக வேண்டாம், உசிலம்பட்டிப் பக்கம் போனால் போதும். அந்த முட்டுக்கட்டை 2006இல் உடைந்தது. நான்கு ஊர்களிலும் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். உடைத்தது எந்தச் சபையும் அல்ல. மாவட்ட நிர்வாகமும் அரசியல் கட்சிகளும் சேர்ந்து வீடு வீடாக நடந்து செய்த வேலை. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கிராம சபையில் கலந்துகொள்ளத் தேர்ந்தெடுத்த ஊர் பாப்பாபட்டி.

ஒதுக்கீடு வந்து கால் நூற்றாண்டு ஆகியும் நாற்காலித் தகராறு தீரவில்லை. 2020இல் கடலூர் மாவட்டத்தின் ஓர் ஊராட்சிக் கூட்டத்தில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் இருந்த படம் வெளியே வந்தது. 2022இல் பட்டியல் சாதித் தலைவர்கள் சுதந்திர நாளில் கொடியேற்றுவதைத் தடுக்கக் கூடாது என்று தலைமைச் செயலாளர் தனியாக உத்தரவு போட வேண்டியிருந்தது. கிராம சபை எல்லோருக்கும் பொது என்பது சட்டத்தின் சொல். தலைவரே தரையில் இருக்கும் இடத்தில் சேரியிலிருந்து வந்தவர் எழுந்து மோட்டார்க் கணக்குக் கேட்பாரா என்பதை ஊகிக்கச் சிரமம் இல்லை.

ஊருக்குள் இப்படி என்றால், ஊருக்கு வெளியிலிருந்து வரும் திட்டத்தின் முன் சபை எங்கே நிற்கிறது? மூன்று ஊர்களின் கதை இதற்கு விடை. முதலாவது ஒடிசாவின் நியமகிரி. டோங்ரியா கோண்டு மக்கள் தெய்வமாக வணங்கும் மலையில் பாக்சைட் வெட்டலாமா என்ற வழக்கில், 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டத்தைக் காட்டி, கிராம சபைகளைக் கேட்டு முடிவெடுங்கள் என்று 2013 ஏப்ரல் 18 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூலை, ஆகஸ்டில் மாவட்ட நீதிபதி ஒருவரின் பார்வையில் 12 கிராம சபைகள் கூடின. பன்னிரண்டும் வேண்டாம் என்றன. அடுத்த ஜனவரியில் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் அனுமதியை மறுத்தது. அங்கே சபையின் சொல்லே முடிவாயிற்று. காரணம் மக்களின் உறுதி மட்டும் அல்ல. அந்த உறுதியைக் கேட்டே ஆக வேண்டும் என்று ஒரு சட்டமும் ஒரு தீர்ப்பும் பின்னால் இருந்தன.

இரண்டாவது அரிட்டாபட்டி. மேலவளவு இருக்கும் அதே மேலூர் வட்டாரம். குன்றுகளும் குடைவரைக் கோயிலும் தமிழிக் கல்வெட்டும் உள்ள இந்தப் பகுதியின் 193 ஹெக்டேர் நிலத்தை 2022இல் தமிழ்நாடு அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. இதையும் சுற்றியுள்ள ஊர்களையும் உள்ளடக்கிய 2,015 ஹெக்டேரில் டங்ஸ்டன் சுரங்கம் தோண்டும் ஏலத்தின் முடிவை 2024 நவம்பர் 7 அன்று மத்திய அரசு அறிவித்தது. முக்கியக் கனிமங்களை ஏலம் விடும் அதிகாரம் 2023 சட்டத் திருத்தத்தால் மத்திய அரசிடம் போயிருந்தது. தீபாவளியால் நவம்பர் 1இலிருந்து தள்ளிவைக்கப்பட்ட கிராம சபை 23ஆம் தேதி கூடியபோது, அந்தப் பகுதி ஊராட்சிகளில் சுரங்கம் வேண்டாம் என்று தீர்மானம் நிறைவேறியது. அதன்பின் கடையடைப்பு, டிசம்பர் 9இல் சட்டமன்றத்தின் ஒருமனதான தீர்மானம், ஜனவரி 7இல் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரைவரை ஆயிரக்கணக்கானோர் நடந்த பேரணி. 2025 ஜனவரி 23 அன்று ஏலம் ரத்தானது. கிராம சபைத் தீர்மானம் அரசைக் கட்டுப்படுத்தியதால் ரத்தாகவில்லை. தீர்மானம் முதல் கல். மற்றக் கற்களைக் கட்சிகளும் தெருவும் அடுக்கின.

மூன்றாவது காஞ்சிபுரம் மாவட்டத்து ஏகனாபுரம். பரந்தூர் விமான நிலையத்துக்கு இந்த ஊரின் வீடுகளும் வயல்களும் ஏரியும் போகின்றன. 2022 ஆகஸ்ட் 15 கூட்டத்தில் தொடங்கி, கூடிய சபைகளில் எல்லாம் திட்டம் வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பத்துத் தடவைக்கு மேல். 2024 மக்களவைத் தேர்தலையும் புறக்கணித்தார்கள். அரிட்டாபட்டியில் மத்திய அரசை எதிர்த்து மாநில அரசு ஊரோடு நின்றது. இங்கே நிலம் எடுப்பதே மாநில அரசு. திட்டம் நிற்கவில்லை. நியமகிரியில் இருந்த சட்டம் இங்கே இல்லை. அரிட்டாபட்டியில் இருந்த அரசியல் துணையும் இல்லை. தீர்மானப் புத்தகத்தில் மூன்று ஊர்களும் எழுதியது ஒரே வாக்கியம்தான்.

இனி ஊராட்சித் தேர்தலுக்கு அரசமைப்பு சொன்ன அந்த ‘வேண்டும்’ என்ன ஆயிற்று என்பதையும் பார்க்க வேண்டும். 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைப் பழங்குடியினர் இடஒதுக்கீட்டுக் குறையைக் காட்டிச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. குறையைச் சரிசெய்து தேர்தல் நடத்த மாநிலத்துக்கு மூன்றாண்டு ஆயிற்று. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் நடந்தது. புதிதாகப் பிரிந்த மாவட்டங்கள் உள்ளிட்ட ஒன்பதில் 2021 அக்டோபரில்தான் நடந்தது. இடையில் கிராம சபையும் தப்பவில்லை. 2020 அக்டோபர் 2 கூட்டத்தைக் கொரோனாவைக் காரணம் காட்டி முதல்நாள் ரத்து செய்தார்கள். மத்திய அரசின் வேளாண் சட்டங்களுக்கு எதிராகச் சபைகளில் தீர்மானம் போடும்படி எதிர்க்கட்சிகள் அழைப்பு விடுத்திருந்த நேரம் அது.

2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்தது. அதற்குள் அடுத்த தேர்தல் நடக்கவில்லை. அவர்கள் இருந்த ஊராட்சிகளுக்கு வட்டார வளர்ச்சி அலுவலர்கள் தனி அலுவலர்கள் ஆனார்கள். ஓர் ஒன்றியத்தில் சராசரியாக 30க்கு மேற்பட்ட ஊராட்சிகள் உண்டு. கிராம சபை அவை அனைத்திலும் ஒரே நாளில், ஒரே காலை நேரத்தில் கூட வேண்டும். தனி அலுவலர் ஒருவர்தான்.